கொழும்பில் இன நல்லிணக்க வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: திட்டு விழும்போது என்ன செய்வது

சிங்களவர், தமிழர், முஸ்லிம்களை ஒரே அறையில் உட்காரவைத்துப் பேசவைக்கும் வேலைக்கு வந்திருக்கிறீர்கள். இளைஞர் குழுவாக இருக்கலாம், கோயிலும் பன்சலையும் பள்ளிவாசலும் தேவாலயமும் சேர்ந்த குழுவாக இருக்கலாம், வெறும் மொழி வகுப்பாகவும் இருக்கலாம். முதல் மூன்று மாதத்துக்குள் யாராவது உங்களைத் திட்டுவார்கள். பயிற்சிப் பட்டறைகளில் வட்டமாக உட்கார்ந்து பலூன் ஊதச் சொல்வார்கள், இதைச் சொல்லித்தர மாட்டார்கள். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் பல வருடமாக மாலை வகுப்பு எடுக்கிறேன், சிங்களவருக்குத் தமிழும் தமிழருக்குச் சிங்களமும். அந்த வகுப்புகள் வழியாகத்தான் இந்த வேலைக்குள் வந்தேன். தொடங்கும்போது யாராவது எனக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்று நினைத்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

பொறுத்துப் போ என்பார்கள் பெரியவர்கள். எல்லாவற்றையும் பொறுக்கத் தேவையில்லை, எல்லாவற்றுக்கும் பாயவும் தேவையில்லை. வந்து விழுகிற வார்த்தை என்ன ரகம் என்று பிரிக்கத் தெரிய வேண்டும். கீழே வருவதெல்லாம் அதற்கான தயாரிப்புத்தான்.

முதலில் உங்கள் வட்டாரத்தின் கதையைக் கேளுங்கள்

வேலையைத் தொடங்க முன் இரண்டு வாரம் சும்மா நடவுங்கள். தேநீர்க் கடை, சலூன், ஆட்டோ நிற்கும் சந்தி, கோயில் வாசல். ஒவ்வொரு இடத்திலும் வயதான ஒருவரைப் பிடித்து, இங்கே முன்பு என்ன நடந்தது என்று கேளுங்கள். மாநகர எல்லைக்குள் எந்த இனமும் பாதிக்கு மேல் இல்லாத நகரம் இது. ஆனால் எல்லாருடைய நினைவிலும் ஒரே கதை இல்லை.

கொட்டாஞ்சேனையையே எடுங்கள். 1883 உயிர்த்த ஞாயிறன்று தீபதுத்தாராமயாவை நோக்கிப் போன பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டது. அந்தக் கலவரத்தில் நியாயம் கிடைக்கவில்லை என்ற மனக்குறையிலிருந்துதான் வெசாக் விடுமுறைக் கோரிக்கை வலுத்தது. 1885 ஏப்ரலில் பௌத்தக் கொடி அந்த விகாரையில் ஏற்றப்பட்டது. அந்தத் தெருவில் கொடி கட்டுவது பற்றி நீங்கள் சாதாரணமாக ஒரு யோசனை சொன்னால், கேட்கிற பிக்குவின் மனதில் நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதை ஓடும்.

1915 கலவரம் இன்னொன்று. இராணுவச் சட்டத்தின் கீழ் சிங்களவர் மீது நடந்த கொடுமைகளைச் சட்டசபையில் எடுத்துப் பேசியவர் தமிழ்த் தலைவர் பொன்னம்பலம் இராமநாதன். இங்கிலாந்து போய் முறையிட்டுத் திரும்பியபோது அவருடைய வண்டியைச் சிங்களத் தலைவர்களே இழுத்துப் போனார்கள். தமிழர்களும் சிங்களவர்களும் ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாக இதைச் சொல்வார்கள். நானும் ஒரு கூட்டத்தில் பெருமையாகச் சொன்னேன். மருதானையிலிருந்து வந்திருந்த ஒரு முஸ்லிம் பெரியவர் கைதூக்கி, ‘மகள், அந்தக் கலவரத்தில கடை எரிஞ்சது எங்கட ஆக்களுக்கு’ என்றார். அதற்குப் பிறகு அந்தக் கதையை முஸ்லிம்கள் இருக்கும் இடத்தில் அவர்களுடைய இழப்பைச் சேர்க்காமல் நான் சொன்னதில்லை.

தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரம் பற்றிக் கட்டாயம் பேச்சு வரும். வெள்ளவத்தையில், பம்பலப்பிட்டியில், தெமட்டகொடையில், பக்கத்து வீட்டுச் சிங்களவர் ஒளித்து வைத்துக் காப்பாற்றிய குடும்பங்கள் நிறைய. அது உண்மை. கும்பல்கள் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக வந்ததும் உண்மை. வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25ம் 27ம் திகதிகளில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டதும் உண்மை. நல்லிணக்கத்துக்கு உகந்தது என்று முதலாவதை மட்டும் சொல்லச் சொல்லி யாராவது கேட்டால் சம்மதிக்காதீர்கள். வீடு எரிந்தவர் முன்னால் அது பொய்யாகத்தான் விழும்.

சிங்களம் படியுங்கள், அரைகுறையாகவாவது

இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை. ‘எங்கட உரிமை, ஏன் நாங்கள் அவங்கட பாஷை பேச வேணும்’ என்று கேட்பவர்களை எனக்குப் புரியும். 1956 தனிச்சிங்களச் சட்டத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி நியாயமானது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது, அந்த உரிமையை எல்லா அலுவலகத்திலும் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். ஆனால் இந்த வேலையில் சிங்களம் உங்களுடைய காது. மேசைக்கு அந்தப் பக்கம் இருவர் தங்களுக்குள் சொல்வது வசவா, பயமா, பகிடியா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தால் எல்லாமே வசவாகத்தான் கேட்கும்.

ஒரு எடுத்துக்காட்டு. ‘தெமள’ என்பது சிங்களத்தில் தமிழுக்கான சாதாரணச் சொல். ‘தெமள பன்திய’ என்றால் தமிழ் வகுப்பு. அதைக் கேட்டு முகம் சுளிக்கும் புதியவர்களைப் பார்த்திருக்கிறேன். ‘தெமளா’ என்று ஒருமையில் இழுத்தால் மரியாதைக் குறைவு. முன்னால் ‘பர’ சேர்ந்தால் அது அப்பட்டமான வசவு. ‘கொட்டி’ என்றால் புலி, உங்களை நோக்கி வந்தால் பொருள் சொல்லத் தேவையில்லை. ‘தம்பியா’ என்பது முஸ்லிம்களை இழிவாகச் சொல்லும் சொல். நமக்குத் தம்பி பாசமான சொல் என்பதால் அதன் உறைப்பு நம் காதில் படாது. உங்கள் முஸ்லிம் நண்பருக்கு அது சுரீரென்று படும். அவர் சார்பில் முதலில் நீங்கள் கவனிக்க வேண்டும்.

எனக்கு வருடக்கணக்காகப் பிடிபடாமல் இருந்தது ‘ஜாதி’. நமக்குச் சாதி வேறு, இனம் வேறு. சிங்களத்தில் ‘ஜாதிய’ என்றால் இனமும் நாடும். ‘ஜாதிவாதி’ என்றால் இனவாதி. ஒரு சிங்கள இளைஞன் வகுப்பில் எழுந்து ‘அபி ஜாதிவாதி நெமெய்’ என்றான், நாங்கள் இனவாதிகள் இல்லை என்று. மட்டக்குளியிலிருந்து வந்த அம்மா ஒருவர் என் காதில் குசுகுசுத்தார்: ‘என்ன டீச்சர், இவன் சாதி பற்றிக் கதைக்கிறான்?’ அன்று முழுதும் இருவரும் வெவ்வேறு விஷயத்துக்காகக் கோபப்பட்டுக்கொண்டு இருந்தார்கள்.

மூன்று வாக்கியத்தோடு தொடங்குங்கள். ‘மட்ட தேருனே நே, ஆயெத் கியன்ன’ (விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள்). ‘கம கொஹேத?’ (ஊர் எது?). ‘லியாபு ஏக மட்ட கியவலா தென்ன’ (எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டுங்கள்). மூன்றாவது வாக்கியம் ஏன் என்று பிறகு வருகிறேன்.

வந்த வார்த்தையைப் பிரியுங்கள்

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குச் சில வாரம் கழித்து, கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு மண்டபம். இருபது பேர் இருந்திருப்பார்கள். முஸ்லிம் பெண்கள் மூவர் கதவோரம், உடனே எழுந்து போகத் தோதான இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் சிங்களத்தில் பேசத் தொடங்கினேன். பின்வரிசையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், சத்தமாக, பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது போல: ‘கொட்டி தெங் அபிட்ட சாமய உகன்னனவா.’ புலிகள் இப்போது நமக்குச் சமாதானம் படிப்பிக்கின்றன.

காது சூடாகிவிட்டது. தொடர்ந்து பேசினேன், என்ன பேசினேன் என்று நினைவில்லை. தேநீர் இடைவேளையில் இரண்டு கோப்பை எடுத்துக்கொண்டு அவரிடம் போய் ‘அய்யே, கம கொஹேத?’ என்று கேட்டேன். பொலன்னறுவைப் பக்கம் ஒரு கிராமம். கோப்பையை வாங்கிக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: மூத்த அண்ணன் 1996 ஜூலையில் முல்லைத்தீவு இராணுவ முகாமைப் புலிகள் தாக்கியபோது அங்கே இருந்தவர், உடல் வரவில்லை, அம்மா சாகும்வரை கதவுக்குக் குறுக்கே தாழ் போட விடவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. என் பெரியம்மா வீட்டிலும் அப்படி ஒரு கதவு இருக்கிறது என்று சொல்ல வாய் வந்தது, விழுங்கினேன். அன்று அது அவருடைய நேரம். அடுத்த கூட்டத்தில் சொன்னேன், அப்போது கேட்டார்.

அவர் கருத்து மாறிவிட்டது என்று எழுதினால் பொய். மூன்று கூட்டத்துக்கு வந்தார், பிறகு நின்றுவிட்டார். அரசியல் பேசினால் இன்றைக்கும் நாங்கள் மோதுவோம். ஆனால் அன்றிலிருந்து அவர் என்னைக் கூப்பிட்டது ‘டீச்சர்’ என்றுதான்.

இது முதல் ரகம்: வசவுக்குள் ஒரு இழப்போ பயமோ இருப்பது. இதற்குக் காது கொடுக்கலாம், ஆனால் கூட்டத்துக்கு நடுவில் மறுமொழி சொல்லக்கூடாது. சபை முன்னால் மடக்கினால் அவர் தன் மானத்துக்காக இன்னும் இரண்டு மடங்கு பேசுவார். தனியே போங்கள், ஊரைக் கேளுங்கள், கேட்டபிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது ரகம் வழக்கமான அலட்சியம். பஸ்ஸில் தமிழில் போன் பேசினால் திரும்பிப் பார்ப்பது. அலுவலகத்தில் ‘சிங்கள தன்னே நெத்த?’ (சிங்களம் தெரியாதா?) என்று முகத்தில் அடிப்பது. உங்கள் அமைப்புக்குள்ளேயே தமிழ்க் கடிதத்தை ‘பிறகு மொழிபெயர்ப்போம்’ என்று மேசை மூலையில் போடுவது. நான் சேர்ந்து வேலைசெய்த ஒரு நிறுவனத்தில் நல்லிணக்க நிகழ்ச்சிக்கான அழைப்பிதழே சிங்களத்தில் மட்டும் வந்தது. இதற்கு வருத்தப்பட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரையின்படி மேல் மாகாணத்திலும் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றவும் தமிழில் பதில் பெறவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. தமிழில் எழுதிக் கொடுங்கள், பதில் வராவிட்டால் திகதியோடு நினைவூட்டல் கொடுங்கள், அதற்கும் வராவிட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். அது 1991ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்டது, முறைப்பாடு எடுப்பது அதன் கடமை.

மூன்றாவது ரகம் ஆள் குறித்த மிரட்டல். உங்கள் வீட்டு முகவரி தெரியும் என்பது, பிள்ளையின் பாடசாலையைச் சொல்வது, கூட்டத்துக்கு வந்து ஒவ்வொருவராகப் படம் எடுப்பது. இதில் காது கொடுக்க ஒன்றும் இல்லை. ஊர் கேட்காதீர்கள், தேநீர் கொடுக்காதீர்கள். எழுந்து போய் எழுதிவையுங்கள். புதிதாக வருகிற நல்ல மனசுக்காரர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். மூன்றாவது ரகத்தை முதல் ரகம் என்று நினைத்து ஆளோடு பேசித் திருத்தப் பார்ப்பார்கள்.

நம்ம ஆட்களிடமிருந்து வருவது

சிங்களவர் திட்டினால் வீட்டுக்கு வந்து சொல்ல ஆள் இருக்கும். நம்மவர் திட்டினால் யாரிடம் போய்ச் சொல்வது? ஒரு கலியாண வீட்டில் மாமா முறையான ஒருவர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: ‘இவ இப்ப அவங்களோட சேர்ந்து வெசாக் கூடு கட்டுறாவாம். எத்தினை டொலர் கிடைக்குது?’ சிங்களத்திலும் இதே வசவு இருக்கிறது, ‘டொலர் காக்கோ’, டொலர்க் காகங்கள். சிங்கள நண்பர்களுக்கு அவர்கள் பக்கத்திலிருந்து வருவது ‘ஜாதி த்ரோஹி’. நமக்கு வருவது ‘துரோகி’. இரண்டு மொழியிலும் அது ஒரே சொல்.

நம்மிடையே அந்தச் சொல் வெறும் சொல்லாக இருந்ததில்லை. அரசியல் தீர்வுக்காக உழைத்த சட்ட அறிஞரும் நாடாளுமன்ற உறுப்பினருமான நீலன் திருச்செல்வம் 1999 ஜூலை 29 அன்று இதே கொழும்பில் குண்டுதாரியால் கொல்லப்பட்டார். ஆகவே உறவுக்காரர் துரோகி என்றால் பகிடியாக எடுக்கவேண்டியதில்லை. ‘அந்தச் சொல்லை மட்டும் வேண்டாம், வேறு என்ன கேட்டாலும் பதில் சொல்றன்’ என்று நேரே சொல்லுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன். பிறகு பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார், சொன்னேன். அந்தக் கேள்வி நியாயமானது. யார் காசு, என்ன நிபந்தனை என்பதைச் சொல்லத் தயங்கும் இடத்தில் நீங்கள் வேலை செய்யவும் கூடாது.

நம் வாயையும் பார்க்க வேண்டும். ‘மோட்டுச் சிங்களவன்’, முஸ்லிம்களைத் ‘தொப்பி பிரட்டி’, மலையகத்தவரைத் ‘தோட்டக்காட்டான்’. கொழும்புத் தமிழ் வீடுகளில் சோற்றுக்குக் கறி மாதிரி இவை வந்து விழும். குழுவில் தமிழர் மட்டும் இருக்கும் நேரத்தில் வரும், அப்போது நிறுத்தினால்தான் கணக்கு. எங்கள் குழுவில் ஹட்டனிலிருந்து வந்த ஒரு பையன் இருந்தான், புறக்கோட்டையில் கடை வேலை. வடக்குத் தமிழர் ஒருவர் அவனை ‘தோட்டத்துப் பிள்ளைதானே’ என்று அன்பாகவே சொன்னார். அடுத்த வாரம் அவன் வரவில்லை. நான் அன்று வாயைத் திறக்காதது இன்றைக்கும் உறுத்துகிறது.

கூட்டம் நடத்தும்போது

நாள் பார்ப்பதில் பாதி வெற்றி. வெள்ளி நண்பகலில் வைத்தால் முஸ்லிம் ஆண்கள் வர முடியாது. போயா நாளில் சில் எடுப்பவர்கள் வரமாட்டார்கள். வெள்ளிக்கிழமையில் மச்சம் சாப்பிடாத சைவக்காரர் நிறைய, ஆகவே மரக்கறிச் சோறும் ஹலால் சோறும் தனித்தனிக் கரண்டியோடு வையுங்கள். கரண்டி மாறியதால் ஒரு மூதாட்டி சாப்பிடாமலே போனதைப் பார்த்தபிறகு இதை எழுதுகிறேன்.

மே 18ஐயும் 19ஐயும் அண்டி விளையாட்டு, பாட்டு, கேக் வெட்டு எதுவும் வேண்டாம். நமக்கு முள்ளிவாய்க்கால் நினைவு நாள், அரசுக்கு மறுநாள் போர்வீரர் நாள். ஜூலைக் கடைசி வாரமும் அப்படி. ஏப்ரல் 21ம் அப்படி. 2022 மே 18 அன்று காலிமுகத்திடலில், அறகலய என்ற மக்கள் போராட்டம் நடந்துகொண்டிருந்த இடத்தில், சிங்கள இளைஞர்களும் சேர்ந்து முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களை நினைவுகூர்ந்தார்கள். 1956 ஜூன் 5 அன்று தனிச்சிங்களச் சட்டத்துக்கு எதிராக உட்கார்ந்த தமிழ்த் தலைவர்கள் அடிவாங்கிய அதே திடல். அப்படி ஒரு நாளை நீங்கள் திட்டம் போட்டு உண்டாக்க முடியாது. வந்தால் போய் நில்லுங்கள்.

மொழிபெயர்ப்பைச் சுருக்க விடாதீர்கள். சிங்களத்தில் அரைமணி நேரம் பேசிவிட்டுத் தமிழில் இரண்டு நிமிடம் சொன்னால், வந்திருக்கும் தமிழ் அம்மாக்களுக்குத் தாங்கள் இரண்டாம்தரம் என்று அந்த அறையே சொல்லிவிடும். இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு கூட்டத்தைச் சிங்களத்தில் தொடங்கினால் அடுத்ததைத் தமிழில் தொடங்குங்கள், சிங்களவர் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கட்டும். அந்தக் காத்திருப்பில் அவர்கள் கற்றுக்கொள்வதை எந்தப் பயிற்சியாலும் தரமுடியாது.

படம் எடுத்து பேஸ்புக்கில் போட வேண்டாம், ஒவ்வொருவரிடமும் தனியே கேட்காமல். நன்கொடையாளர் கேட்கிறார் என்றால் கைகளை மட்டும் எடுங்கள்.

வதந்தி வரும் இரவு

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலந்ததாகக் கதை கிளம்பி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சாப்பாட்டில் இருந்தது மாவுக் கட்டி என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சொன்னார். சொல்வதற்குள் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் எரிந்துவிட்டன, அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் தற்காலிகமாக முடக்க வேண்டியிருந்தது. தன் தளம் அந்த வன்முறைக்கு உதவியதற்காக 2020இல் பேஸ்புக் வருத்தம் தெரிவித்தது.

ஆகவே உங்கள் குழுவுக்கு வட்ஸ்அப் இருந்தால் ஒரே ஒரு விதி: வந்ததை முன்னனுப்பும் முன், சம்பவம் நடந்ததாகச் சொல்லும் இடத்தில் இருக்கும் ஒருவருக்குப் போன் எடுக்க வேண்டும். அதற்காகவே ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒருவரின் இலக்கம் கையில் இருக்கட்டும், மாளிகாவத்தையில் ஒருவர், கிருலப்பனையில் ஒருவர், பொரளையில் ஒருவர். மூன்று மொழியிலும் ஒரே நேரத்தில் மறுப்புப் போடுங்கள். தமிழில் மட்டும் போட்டால் சிங்கள வீட்டுக்குப் போகாது.

மூன்றாவது ரகம் வந்தால்: எழுத்து, சாட்சி, ஒரு மாதம்

முதலில் ஒரு கொப்பி வாங்குங்கள். போனில் எழுதுவதோடு நிற்காதீர்கள், போன் பறிபோகலாம். திகதி, நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, யார் கேட்டார்கள். வார்த்தையை நாகரிகமாக்காதீர்கள். ‘இழிவாகப் பேசினார்’ என்று எழுதினால் பிறகு யாருக்கும் எதுவும் விளங்காது. இணையத்தில் வந்தால் ஸ்கிரீன்ஷொட்டோடு அந்தப் பதிவின் இணைப்பையும் எடுத்து வையுங்கள், அழித்துவிடுவார்கள்.

பொலிஸுக்குத் தனியே போகாதீர்கள். எங்கள் இளைஞன் ஒருவனுக்குத் தொலைபேசியில் மிரட்டல் வந்தது. தமிழன் என்றும் புலி என்றும் சொல்லி, கூட்டத்துக்குப் போனால் கால் இருக்காது என்று. அவன் தனியே ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போனான். அவன் தன் அரைகுறைச் சிங்களத்தில் சொல்ல, அங்கே சிங்களத்தில் எழுதினார்கள், கையெழுத்துப் போட்டான். பிறகு எடுத்துப் படித்தபோது அதில் ‘இருவருக்கிடையே ஏற்பட்ட வாக்குவாதம்’ என்று இருந்தது. தமிழன் என்ற சொல்லும் இல்லை, புலி என்ற சொல்லும் இல்லை. அதனால்தான் அந்த மூன்றாவது வாக்கியம். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழில் சொல்லவும் தமிழில் எழுதித் தரவும் உங்களுக்கு உரிமை உண்டு. கையில் தமிழில் எழுதிய பிரதி ஒன்றை முன்கூட்டியே கொண்டு போங்கள். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். உடனடி ஆபத்தென்றால் 119.

அரச அலுவலர் ஒருவரே இனத்தைக் காட்டி உங்களை நடத்தியிருந்தால் அது 12ஆவது உறுப்புரை மீறல். அடிப்படை உரிமை மனு உயர் நீதிமன்றத்தில் போடவேண்டும், ஒரு மாதத்துக்குள். இந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டவர்களை எண்ணி முடியாது. அழுது, யோசித்து, உறவினரிடம் கேட்டு முடிக்க ஐந்து வாரமாகிவிடும். அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு பதிந்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த மாதத்தில் சேராது. அவர்களுடைய அவசர இலக்கம் 1996. சட்டத்தரணிக்குக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

நீதிமன்றம் ஒன்றுக்கும் உதவாது என்று சொல்பவர்களுக்கு 2007 ஜூன் 7ஐ நினைவூட்டுவேன். அன்று அதிகாலை வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை விடுதிகளில் இருந்த 376 தமிழர்களை பஸ்ஸில் ஏற்றி கொழும்பை விட்டு வெளியேற்றினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் தடை போட்டது, திருப்பிக் கொண்டுவந்தார்கள். அன்று பட்ட அவமானம் அதனால் அழியவில்லை. ஆனால் யாரோ ஒரே இரவில் மனு எழுதியதால்தான் அது நின்றது.

வெறுப்புப் பேச்சுக்கு எதிரான சட்டமும் இருக்கிறது, 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவு. இதை எடுத்தவுடன் கையில் எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. 2019 மே மாதம் ஹசலகவில் ஒரு முஸ்லிம் பெண்ணை, அவருடைய உடையில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச்சக்கரம் என்று சொல்லி, இந்தச் சட்டத்தின் கீழேயே கைதுசெய்தார்கள். சிறுபான்மையைக் காக்க வந்த சட்டம் யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் நகர வேண்டும். சட்டத்தரணியோடு பேசாமல் அந்தப் பிரிவின் பெயரைக்கூட முறைப்பாட்டில் எழுதாதீர்கள்.

உடம்பும் மனசும்

இரவு பதினொரு மணிக்கு வரும் பின்னூட்டங்களை அந்த நேரத்தில் வாசிக்காதீர்கள். வேறு ஒருவர் காலையில் வாசித்து, மூன்றாம் ரகம் இருந்தால் மட்டும் உங்களுக்குச் சொல்லட்டும். நித்திரை போனால், சாப்பாடு இறங்காவிட்டால் 1926க்கு அழைத்துப் பேசலாம், தேசிய மனநல உதவி இலக்கம் அது. இரண்டு மாதம் விலகி இருக்கிறேன் என்று சொல்வதற்கு வெட்கப்பட வேண்டாம். நான் 2019 கடைசியில் அப்படி விலகினேன், என் வகுப்பை ஒரு சிங்கள ஆசிரியை எடுத்தார். அவருக்கு வந்த திட்டு எனக்கு வந்ததைவிட மோசம், ‘த்ரோஹி’ என்று வாசலில் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். வாளியும் துணியும் எடுத்துக்கொண்டு போய் இருவரும் சேர்ந்துதான் அழித்தோம். முதலில் படம் எடுத்தோம், பிறகு அழித்தோம்.

கூட்டம் முடிந்து இரவில் போகும்போது இருவர் இருவராகப் போங்கள், ஆட்டோ இலக்கத்தை மற்றவருக்கு அனுப்புங்கள். வீட்டுக் கதவைப் பூட்டியதும் குழுவில் ஒரு சொல். எங்களிடம் தமிழர் ‘வந்திட்டன்’ என்று போடுவார்கள், சிங்களவர் ‘கெதர ஆவா’ என்று போடுவார்கள். இப்போது சிலர் மாற்றிப் போடுகிறார்கள். கடைசி ஆள் போடும்வரை ஒருவர் விழித்திருக்க வேண்டும். முறை வைத்துக்கொள்ளுங்கள், எப்போதும் ஒரே ஆள் விழித்திருக்கக் கூடாது.